மழைக்கு அசையாத முட்டைகள்

கால்வாய்க்கரை ஊரான கம்போவாவில் மழைக்காலம் முடியப்போகும் நாட்கள் அவை. கால்வாயில் போகிற கப்பல்கள் மரங்களுக்கு மேலே மிதந்து போவதுபோலத் தெரியும். மெல்வா கிரேனால்ட் அவற்றை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. அவள் கண் எப்போதும் குளத்தின் மேல் சாய்ந்திருக்கும் இலைகளில்தான் இருக்கும்.

அவள் வேலை அப்படி. செங்கண் மரத்தவளைகள் இரவில் அந்த இலைகளில் முட்டையிட்டுவிட்டுப் போகும். காலையில் மெல்வா வந்து, முட்டைக் கொத்தை இலையோடு அறுத்து ஆய்வுக்கூடத்தில் கொடுப்பாள். பல வருடங்களாக இதே வேலைதான். ஆனாலும், ஒரு கரு முழுதாக வளர்ந்து, நாள் நிறைந்து, தானாக வெளியே வருவதை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவள் கைக்குக் கிடைத்ததெல்லாம் தொடக்கம் மட்டும்தான். முடிவு வேறு யாருடைய மேசையிலோ நடந்தது.

அந்த ஆண்டு துணிந்து கேட்டுவிட்டாள்.

"ஒரு கொத்தை நான் வீட்டுல வச்சுக்கட்டுமா டாக்டர்? கடைசிவரைக்கும் பாக்கணும்."

"தாராளமா கொண்டு போ மெல்வா," என்றார் ஆய்வுக்கூடத்து டாக்டர் யூமிலா, தன் பழைய உருப்பெருக்கியையும் எடுத்துக் கொடுத்து. "ஆனா இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசிக் கொத்தா இருக்கும். ஆட்டிராத. பாம்பு வந்துருச்சுன்னு நெனச்சு குதிச்சிரும்."

அது மெல்வாவுக்கும் தெரியும். பாம்பு கொத்தைக் கவ்வி இழுக்கும்போது, கொஞ்சம் வளர்ந்த கருக்கள் நாள் நிறையும் முன்பே முட்டையை விட்டு நழுவித் தண்ணீரில் விழுந்து தப்பிக்கும். ஆனால் மழை எவ்வளவு அடித்தாலும் அசையாது. மழை விடாமல் உலுக்குகிறது. பாம்போ கடிக்கும், நிறுத்தும், மறுபடி கடிக்கும். முட்டைக்குள் இருந்தபடியே கரு இரண்டையும் பிரித்து அறிகிறது.

சன்னலோரம் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அதன் மேலே இலையைச் சாய்த்துக் கட்டினாள். முதல் நாள் ஒவ்வொரு முட்டையும் தெளிந்த கூழுக்குள் ஒரு பச்சை உருண்டை, அவ்வளவுதான். அந்த உருண்டை இரண்டாகி, நான்காகி, எண்ண முடியாத துகள்களாகிப் பிறகு மறுபடி வழுவழுப்பானது. மறுநாள் அதன் முதுகில் ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளத்தின் கரைகள் இரண்டும் மெதுவாக எழும்பி, ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொண்டன. அதற்குள்தான் மூளையும் தண்டுவடமும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்புறம் கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நிழல்கள். அப்புறம் துடிப்பு. மணலைவிடச் சிறிய ஒன்று, யாரும் சொல்லாமலேயே துடிக்கத் தொடங்கியிருந்தது. தலைக்கு இருபக்கமும் சிவந்த இறகுபோலச் செவுள்கள் விரிந்து ஆடின.

பார்த்துக்கொண்டே இருந்தால் தானும் ஏதோ ஒரு கூழுக்குள் மிதப்பதுபோல இருக்கும் அவளுக்கு. அடுப்பில் வாழைக்காய் கருகும்.

"ஏம்மா, எங்களுக்கும் கொஞ்சம் இதயம் துடிக்குது," என்பான் ஓவிடியோ, அவள் புருஷன். "பசியில."

நாள் நிறைய இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. ஞாயிறு மதியம் மெல்வா கடைக்குப் போயிருந்தபோது மழை கொட்டியது. தகரக் கூரை சன்னலுக்கு மேலேயே ஒழுகியது. ஓவிடியோ பதறிப்போய் இலையோடு கிண்ணத்தைத் தூக்கி, வராந்தாவில், ஈரம் படாத ஒரே இடத்தில் வைத்தான். டாமினோ மேசையின் மூலையில்.

ஞாயிறு என்றால் அங்கே ஓவிடியோவும் கூட்டாளிகள் மூவரும் புள்ளிக்கட்டைகளை வைத்து ஆடும் டாமினோதான். கட்டையை மெதுவாக வைப்பவனைக் கம்போவாவில் ஆட்டக்காரன் என்று யாரும் மதிக்கமாட்டார்கள். ஓங்கி அறைவார்கள். யோசிப்பார்கள். மறுபடி அறைவார்கள்.

மெல்வா நனைந்துகொண்டே படியேறியபோது கூட்டாளிகளில் ஒருவனான பசிலியோ கட்டையோடு கையை ஓங்கியிருந்தான்.

"நிறுத்து!"

கட்டை விழுந்துவிட்டது. கிண்ணத்துத் தண்ணீரில் குட்டிக் குட்டியாக வால்கள் நெளிந்தன. இலையில் காலியான கூழ்தான் தொங்கியது.

"ஐயோ மதினி, நாங்க அதைத் தொடக்கூட இல்ல," என்றான் பசிலியோ.

"மழையில நனையக்கூடாதுன்னுதான் இங்க வச்சேன்," என்றான் ஓவிடியோ.

"மழைக்கு அது பயப்படாதுடா! உங்க அறைக்குத்தான் பயப்படும். பாம்பு கடிக்கிற மாதிரியே அறைஞ்சிருக்கீங்க. நாலு பேரும் சேந்து!"

அவள் குரல் உடைந்தது. விழுந்தவை உயிரோடுதான் இருந்தன. ஆனால் சின்னதுகள். குளத்தில் விட்டால் மீனுக்கு முதல் கவளம். அவற்றை ஒரு வாளியில் விட்டாள். பிறகு, எறிந்துவிடலாம் என்று இலையை எடுத்தவள் அப்படியே நின்றாள். நுனியில் ஏழெட்டு முட்டைகள் இன்னும் முழுதாக இருந்தன. உள்ளே கருக்கள் நிதானமாகப் புரண்டன. சன்னலோரம் இன்னும் ஒழுகியதால், கிண்ணத்தை அதே மேசை மூலையில் விட்டு இலையை மறுபடி அதன் மேலே கட்டினாள்.

மறுநாள் பொதுவிடுமுறை. சாயங்காலம் நால்வரும் மறுபடி மேசைக்கு வந்தார்கள். அறை அதிராமல் இருக்க மேசையில் கம்பளி விரித்து மெல்வா கிண்ணத்துக்குக் காவல்போல உட்கார்ந்திருந்தாள்.

"இது டாமினோவா, சாவு வீடா?" என்று முணுமுணுத்தான் பசிலியோ.

"சத்தம் போடாம வை மாப்ள," என்றான் ஓவிடியோ. "என் குடும்பம் உன் கையில இருக்கு."

வெளிச்சம் மங்கும்போது ஒரு கரு மூக்கைச் சவ்வில் பதித்து வைத்தது. யாரும் அதைத் துரத்தவில்லை. மூக்கு தொட்ட இடம் மட்டும் கரைந்து, சின்ன வாசல் திறந்தது. தலை வந்தது. உடல் வழுக்கியது. ஒரு கணம் கூழில் தொங்கிவிட்டுத் தண்ணீரில் விழுந்தது.

"அவ்வளவுதானா?" என்றான் பசிலியோ, தன்னை மறந்து மெல்ல.

"அவ்வளவுதான்," என்றாள் மெல்வா. அவள் கன்னம் நனைந்திருந்தது.

அடுத்த முட்டை அசைந்தது. பொறுங்கள் என்பதுபோல அவள் கையை உயர்த்தினாள். ஆட்டத்தில் யார் முறை என்பதே நால்வருக்கும் மறந்துபோயிருந்தது.