முப்பது அம்ப்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பாதி வீடுகளுக்கு வயர் இழுத்தவர் பத்மநாதன். ஸ்காபரோவுக்கு வந்து ஏழு வருடமாக ஒரு பேக்கரியில் மஃபின்களைப் பெட்டியில் அடுக்குகிறார். கனடாவில் வயர் வேலை செய்ய வேண்டிய லைசென்ஸ் இன்னும் எட்டவில்லை. ஆனால் அவர் இருக்கும் மல்வேர்ன் பக்கத்தில் எந்தத் தமிழ் வீட்டில் கறண்ட் பழுதானாலும் அவருக்குத்தான் போன் வரும். மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

அதற்கும் வேட்டு வைக்க வந்தான் சகலன் வாகீசன், மனைவி யோகராணியின் தங்கச்சி நிரூபாவைக் கட்டியவன். நேற்றுத்தான் கனடாவுக்கு வந்தவன் போல இருந்தவன், தொண்ணூற்றாறு கோடையில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் பழைய வீட்டு ட்ரெயிலர் ஒன்றை வாங்கி, லோங் வீக்கெண்டுக்கு இரண்டு குடும்பத்தையும் ஏரிக்கரை விடுமுறை முகாமுக்கு அழைத்து வந்துவிட்டான். அங்கே கறண்ட் கொடுக்கும் கம்பத்துப் பெட்டியில் ட்ரெயிலரின் தடித்த வயரைச் சொருகினான். ட்ரெயிலருக்குள் ஏசி உறுமியது.

"எங்கட அப்பார்ட்மென்டில உந்தக் குளிர் இல்லையடி," என்றாள் யோகராணி தங்கச்சியிடம்.

கட்டிய பெண்டாட்டி வாயால் இதைக் கேட்கவேண்டுமா? பத்மநாதனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மத்தியானம் சோற்றுக்கு ரைஸ் குக்கர், கறிக்கு மின்சார அடுப்பு. வெளியே கதிரையில் இருந்தபடி அவர் மனதுக்குள் கூட்டினார். ஏசி பதின்மூன்று அம்ப், அடுப்பு பத்து, குக்கர் ஐந்து. பெட்டி தாங்குவது முப்பது. இன்னும் ஒன்று போட்டால் கதை முடிந்தது. எச்சரித்திருக்கலாம். அதற்குப் பதிலாகத் தேன் ஒழுகக் கூப்பிட்டார்.

"நிரூபா, ஒரு பிளேன்ரீ போடுறியே பிள்ளை?"

கறண்ட் கேத்தில் முணுமுணுக்கத் தொடங்கியது. சற்று நேரத்தில் ஏசி, அடுப்பு, குக்கர் எல்லாம் ஒன்றாக நின்றன. அரிசி அரைவேக்காடு. வாகீசனின் முகம் கறுப்பதைப் பார்க்கப் பத்மநாதன் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

வாகீசன் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான்.

"அண்ணை, உதுக்குத்தான் முதல் பயணத்துக்கே உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான். நீங்கள் பக்கத்தில இல்லாட்டி நான் உந்தச் சாமானை வாங்கியே இருக்கமாட்டன்."

பத்மநாதன் எழுந்து ஏசியை நிறுத்தினார். கம்பத்துப் பெட்டியில் விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிட்டார். குக்கரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களே, எங்கட அண்ணை தொட்டால் கறண்ட் வரும்!" என்று வாகீசன் பக்கத்து ட்ரெயிலர்க்காரருக்கும் கேட்கக் கத்தினான். அந்த வெள்ளைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை; கையை ஆட்டினார்.

நிரூபா முதல் கோப்பைத் தேத்தண்ணியை பத்மநாதனுக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தாள். ட்ரெயிலர்தான் அவனிடம் இருக்கிறது என்றால், நல்ல மனசும் அவனிடமா இருக்கவேண்டும்? பத்மநாதனுக்கு முன்பைவிட எரிந்தது.