நாற்பத்தேழு டன்னும் என் பாதிப் பதிலும்

அன்று காலை மணி 7.42. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், என் மகள் அனுப்பிய வாட்சாப் செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. "அப்பா, ரூட் மாறிடுச்சு. நம்ம பாலம் வழியாத்தான் வரோம். டீ போட்டு வைங்க."

நாங்கள் இருப்பது மலேசியாவில், பெடாஸ் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்தில். தோட்டத்து ஆலையில் நான் எடைமேடைக் கிராணி. பழக்குலை ஏற்றி வரும் லோரியை மேடையில் நிறுத்தி, எடை பார்த்து, சீட்டுக் கொடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதுதான். என் மகள் பாலிடெக்னிக்கில் இயந்திரப் படிப்பு முடித்தவள். வெளிநாட்டு ராணுவ வண்டிகளை வரவழைத்து, இங்கே ஓட்டிக் காட்டும் ஒரு தனியார் நிறுவனத்தில் சோதனை ஓட்டுநராக இருக்கிறாள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். அந்த மாதம் அவள் கையில் இருந்தது, சங்கிலிப்பட்டையில் தானே நகரும் ஒரு பெரிய பீரங்கி வண்டி.

அவள் அந்த வேலைக்குப் போன நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. பயப்படுகிறவன் என்ன செய்வான், படிப்பான். அந்த வண்டியைப் பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பார்ப்பதற்கு டாங்கி மாதிரி இருக்கும், ஆனால் டாங்கி இல்லை. டாங்கி எதிரே தெரிவதைச் சுடும். இது மலைக்கு அந்தப் பக்கம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கண்ணுக்கே தெரியாததைச் சுடும். எங்கள் தோட்டத்தில் நின்று சுட்டால் குண்டு சிரம்பானையும் தாண்டிப் போய் விழும். ஆள் தூக்கி வைக்க வேண்டியதில்லை, இயந்திரமே குண்டை எடுத்துக் குழலுக்குள் தள்ளும். பதினைந்து வினாடியில் மூன்று குண்டு. குண்டு எங்கிருந்து வந்தது என்று எதிரி கணக்குப் போடுவதற்குள் இடத்தை மாற்றிவிடும். ஆயிரம் குதிரைத்திறன். எடை ஏறக்குறைய நாற்பத்தேழு டன்.

இதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். நான் தேடியது என் பிள்ளை எங்கே உட்காருகிறாள் என்பதைத்தான். மற்றவர்கள் பின்னால், கோபுரத்துக்குள். ஓட்டுநர் மட்டும் முன்னால், இடது பக்கம், என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு குழிக்குள். தலைக்கு மேல் எட்டு மீட்டர் நீளக் குழல். வண்டி மூக்குக் குப்புற விழுந்தால் முதலில் தண்ணீருக்குள் போவது அந்தக் குழிதான். "குழல் உன் மூடிக்கு மேல நின்னுட்டா எப்படிம்மா வெளிய வருவே?" என்று ஒருநாள் கேட்டேன். "நீங்க பேசாம ஆர்மில சேர்ந்துடுங்க லா" என்று சிரித்தாள்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன்.

அதற்கு முந்திய வாரம், அந்த நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வழி பார்க்க வந்தார்கள். எடைமேடையில் எனக்கு மூன்று லோரி வரிசையில் நின்றது. "அண்ணே, அந்தப் பாலத்துல லோரி போகுதா?" என்று கேட்டார்கள். "தெனமும் போகுது" என்றேன். "எக்ஸ்கவேட்டர் ஏத்துன லோ லோடர் டிரெய்லர்?" "அதும் போகுது. போன மாசம் ரெண்டு அக்கரைக்குப் போச்சு." எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் எங்கள் பாலத்தில் லோரி எப்படிப் போகிறது என்பதைச் சொல்லவில்லை.

அது இங்கே ரப்பர் மரம் இருந்த காலத்துப் பழைய பாலம். அக்கரைச் செம்பனைக் காட்டிலிருந்து லோரி முழுச் சுமையோடு பாலத்தடிக்கு வரும். அங்கே பாதிக் குலையைக் கீழே கொட்டிவிடும். மீதியோடு மெதுவாகப் பாலத்தைக் கடந்து ஆலைக்கு வரும். திரும்பிப் போய், கொட்டியதை ஏற்றிக்கொண்டு வரும். என் எடைச் சீட்டில் அக்கரை லோரிகள் எல்லாமே பாதி எடைதான். எக்ஸ்கவேட்டர் வந்தால் டிரெய்லரை விட்டு இறங்கி, பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் இறங்கிப் போகும். டிரெய்லர் காலியாகப் பாலத்தில் போகும். பலகை எதுவும் கிடையாது. தோட்டத்து நாய்க்கும் தெரிந்த விஷயத்துக்கு யார் பலகை வைப்பார்கள்? அதனால்தான் எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

செய்தியைப் படித்ததும் ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. தோட்டமே என் மகளைப் பார்க்கும் என்று நினைத்தேன். டீத்தூளை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

அழைத்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது காதை மூடி ஹெல்மெட் போட்டிருப்பாள். நான்கு முறை அழைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஒரு கால் செருப்பு வழியிலேயே போய்விட்டது. பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சத்தம் காதுக்கு முன் நெஞ்சுக்குக் கேட்டது. மோட்டாரைப் பாலத்து வாயில் குறுக்கே சாய்த்துப் போட்டுவிட்டு நடுவில் நின்றேன்.

முதலில் பாதுகாப்பு ஜீப் வந்தது. அதிலிருந்து ஓர் இளம் மலாய்க் கேப்டனும், நிறுவனத்து மேற்பார்வையாளரும் இறங்கினார்கள். மேற்பார்வையாளர் சிரம்பான் தமிழர், என்னைவிடச் சின்னவர், போன வாரம் வழி பார்க்க வந்த இருவரில் ஒருவர். அவர்களுக்குப் பின்னால், செம்பனை மட்டைகளை உரசிக்கொண்டு, குழல்தான் முதலில் தெரிந்தது. அப்புறம் வண்டி. அதன் முன் இடது மூலையில், மூடியைத் திறந்துகொண்டு, ஒரு சின்னத் தலை.

"அண்ணே, விழுந்துட்டீங்களா?" என்றார் மேற்பார்வையாளர்.

"விழல. படுக்கப் போட்டிருக்கேன். வண்டி இதுல போகாது."

அவர் நோட்டைப் புரட்டினார். "நீங்கதானே போன வாரம் போகும்னு சொன்னீங்க? எழுதி வச்சிருக்கு. எடைமேடைக் கிராணினு கூட இருக்கு."

"சொன்னேன். பாதிதான் சொன்னேன்."

மீதிப் பாதியை இப்போது சொன்னேன். அவர் நம்பவில்லை. காலையில் ஒரு கால் செருப்போடு வந்து நிற்கிறவன் சொல்வதை நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பொறுமையாகத்தான் விளக்கினார். சங்கிலிப்பட்டை எடையைப் பரப்பிவிடும், தரையில் விழுகிற அழுத்தம் உங்கள் லோரி டயர் கொடுப்பதைவிடக் குறைவு என்றார்.

"அது மண்ணுக்கு, தம்பி. சேத்துல அமுங்காம இருக்க. பாலத்துக்கு மொத்த எடை என்னன்னுதான் கணக்கு."

"உள்ள குண்டே இல்லண்ணே. காலி வண்டி."

"குண்டு ஒன்னு நாப்பத்தஞ்சு கிலோ. மொத்தம் நாப்பத்தெட்டு கொள்ளும், அத்தனையும் இறக்குனா ரெண்டு டன்னுதான் குறையும். எங்க லோரி பாதிய இறக்கிட்டுப் போவும். இதுல பாதிய எங்க இறக்குவீங்க? பீரங்கியக் கழட்டி அந்த மரத்துல சாத்தி வைப்பீங்களா?"

கேப்டனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்துவிட்டார். மேற்பார்வையாளருக்கு முகம் மாறிவிட்டது. வண்டியைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க மகதானே அது? பயமா இருந்தா நேராச் சொல்லுங்க. அவள எறக்கிட்டு வேற டிரைவரப் போடுறேன். இதுக்குத்தான் பொம்பளப் பிள்ளைங்களப் போட வேணாம்னு சொன்னேன்."

அதற்குள் அவளே இறங்கி வந்துவிட்டாள். முகத்தில் எண்ணெய்க் கறை. "அப்பா, என்னப்பா இது? எல்லாரும் பாக்கறாங்க. மோட்டார எடுங்க."

"மாட்டேன்."

"என் வேலை போயிடும்பா."

அந்த வார்த்தையில் ஆடிப்போய்விட்டேன். இந்த வேலைக்காக அவள் கேட்ட பேச்சுகள் எனக்குத் தெரியும். நான் நகர்ந்தால் அவள் அந்தக் குழிக்குள் உட்கார்ந்து பாலத்தில் ஏறுவாள். நகராவிட்டால், அப்பன் வந்து தடுத்த பெண் என்ற பெயரோடு அவள் வாழ்நாள் முழுதும் நடக்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் நான்.

மேற்பார்வையாளரைப் பார்த்துச் சொன்னேன்: "அவள எறக்கச் சொல்லல. உங்க பிள்ளைய உக்கார வச்சாலும் நகர மாட்டேன். மொதல்ல என் மேல ஏத்திட்டுப் போங்க." குரல் உரக்கத்தான் வந்தது.

மகள் திரும்பிப் போய் வண்டியில் சாய்ந்து நின்றாள். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். போலீசைக் கூப்பிடலாம் என்றார் மேற்பார்வையாளர். "கூப்பிடுங்க" என்றேன்.

அவர் போலீசைக் கூப்பிடுவதற்குள் அக்கரை லோரி வந்தது. தினமும் அந்த நேரத்துக்கு வருவதுதான். ஓட்டுநர் எதிர்ப்பக்கம் நிறுத்தினார். எங்களையும் பார்த்தார், பீரங்கியையும் பார்த்தார். எதுவும் கேட்காமல், எப்போதும்போல் பாதிக் குலையைச் சாலையோரம் கொட்டினார். பிறகு ஹார்ன் அடித்துக் கத்தினார்: "ஓய் கிராணி, மோட்டார எடு லா. நான் பாதி இறக்கிட்டேன்."

கேப்டன் என்னைத் தாண்டி, பாலத்தின் ஓரமாக நடந்து அக்கரைக்குப் போனார். கொட்டிக் கிடந்த குலையையும், அதற்கடியில் வருடக்கணக்காகக் கருத்துப் போயிருந்த மண்ணையும் பார்த்தார். ஏன் என்று மலாயில் கேட்டார். ஓட்டுநரும் மலாயிலேயே பதில் சொன்னார். முழுச் சுமை ஏறினால் இந்தப் பாலம் பேசும், துவான். பேசினால் நாங்கள் கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். எக்ஸ்கவேட்டர் எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, தண்ணீரைக் கைகாட்டினார். கரையில் பட்டைத் தடம் தெளிவாகத் தெரிந்தது.

கேப்டன் திரும்பி வந்து, மாமா என்று பெரியவரைக் கூப்பிடும் மலாய் முறையில் என்னிடம் "பக்சிக், மோட்டாரை எடுங்கள், லோரி போகட்டும்" என்றார். அதற்கு மட்டும் எடுத்தேன். லோரி போனதும் மறுபடி குறுக்கே போட்டேன்.

ஒரு மட்டையை வெட்டி, இலையைக் கழித்து, காற்சட்டையை மடித்துக்கொண்டு அவரே ஆற்றில் இறங்கினார். அடியில் கல். தண்ணீர் இடுப்புக்குச் சற்று மேல். அந்த வண்டி ஒன்றரை மீட்டர் தண்ணீரில் நடக்கும் என்று படித்திருந்தேன். கேப்டன் கரையேறி என் மகளிடம் முடியுமா என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்காமலே முடியும் என்றாள்.

பாலத்தைத் தடுக்க என்னால் முடிந்தது. ஆற்றைத் தடுக்க எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் குழிக்குள் இறங்குவதற்கு முன், கோபுரத்துக்குள் இருந்த தொழில்நுட்பரிடம் சத்தமாகச் சொன்னாள்: "கொழல பின்னால திருப்புங்க. என் மூடிக்கு மேல எதுவும் இருக்கக் கூடாது." கோபுரம் மெல்லச் சுழன்று, குழல் அவள் தலைக்கு மேலிருந்து விலகிப் பின்பக்கம் போனது. அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போனவள், என் கேள்வியை மறக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது.

வண்டி இறங்கியது. தண்ணீர் செம்மண் நிறமாக இரு பக்கமும் ஏறியது. நடுவில் ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது, என் மூச்சும் நின்றது. பிறகு என்ஜின் உறுமி, மூக்கைத் தூக்கி, அக்கரை மேட்டில் ஏறி, நீர் வடிய நின்றது. அவள் கையைக்கூட அசைக்கவில்லை. காட்டுக்குள் போய்விட்டாள்.

"இப்பவாவது மோட்டார எடுக்கலாம்லண்ணே" என்றார் மேற்பார்வையாளர்.

பதினொரு மணிக்குமேல், கேப்டன் வரச் சொன்ன பாலப் பொறியாளர் வந்தார். சுத்தியலோடு அடியில் போய், அரைமணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, இடுப்புவரை நனைந்து மேலே வந்தார். கையில் உள்ளங்கை அளவுக்கு உதிர்ந்த துரு இரும்பு. நல்லவேளை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, யார் தடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். இதில் போகும் என்று யார் சொன்னது என்றார். அதுவும் நான்தான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரெண்டையும் எழுதணும்" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அன்று மதியமே ஒரு பலகையில் மூன்று மொழியிலும் எழுதிப் பாலத்தின் இரு முனையிலும் நட்டேன். பாதி இறக்காமல் ஏறாதே. அனுமதி வாங்கினாயா என்று ஆபீசில் கேட்டார்கள். வாங்கவில்லை. எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மாலை ஆறு மணிக்கு நிறுவனத்துப் பிக்கப் வந்து நின்றது. மகள் இறங்கினாள். அடுப்படிக்குப் போய், காலையில் போடாமல் விட்ட டீயை அவளே போட்டு, எனக்கும் ஒரு குவளை கொண்டுவந்து வைத்தாள். வேலை போகவில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பாதி டீ குடித்தபிறகு சொன்னாள்:

"அடுத்த வாரம் வேற தோட்டம்பா. அங்க எடைமேடைல உங்களுக்கு ஆளு தெரியும்ல? பாலத்துல லோரி போகுதானு கேக்காதீங்க. எப்படிப் போகுதுனு கேட்டுச் சொல்லுங்க."

இப்போதும் கனமான வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து பார்க்கிறேன். யார் எதைக் கேட்டாலும் நான் முழுப் பதிலையும் சொல்லி முடிக்காமல் விடுவதில்லை, கேட்க நேரமில்லாதவர்கள் வந்தால் குறுக்கே போட அந்த மோட்டார் இன்னும் என்னிடம் இருக்கிறது.