மலிவான ஈஸ்டர்

"முழங்கால வெச்சு அழுத்தாத சவேதா. ஏர்போர்ட்டுல அதெல்லாம் செல்லாது. பை தானா இறங்கணும்."

பை இறங்கவில்லை. ஹரலாம்பியே என்ற அந்தப் பெரியவர் தன் பையிலிருந்த பாலாடைக்கட்டியை வெளியே எடுத்தார். அதைக் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு சவேதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பை மரப்பெட்டிக்குள் வழுக்கி உட்கார்ந்தது.

மலிவு விமானக்காரர்கள் அனுமதிக்கும் அளவுக்கு அவரே பலகை அறுத்துச் செய்த பெட்டி. ருமேனியாவின் வடமூலையில் இருந்த அந்த ஊரில் பாதிப் பேருக்கு இத்தாலியில்தான் வேலை. இந்தப் பெட்டியில் பையை இறக்கிப் பார்க்காமல் யாரும் கிளம்புவதில்லை. எங்கே ஏறினால் மலிவு, எந்த ஊரில் இறங்கி மாறலாம், எந்தக் கிழமை விமானம் காலியாகப் போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். இத்தனை பேரை அனுப்பி வைத்தவர், விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்ததோடு சரி.

இந்த முறை அவரே போகிறார். மகள் மினோதோரா இத்தாலியின் தூரின் நகரத்தில் ஒரு கிழவியம்மாளைக் கவனித்துக்கொள்கிறாள். தாயின் அடக்கத்துக்கு வந்து போனவள்தான்; அதன்பின் அவள் முகத்தைப் போனில் மட்டுமே பார்த்திருக்கிறார். "ஈஸ்டருக்கு லீவு கெடச்சிருக்குப்பா, வந்துடுங்க" என்று அவள் சொன்ன அன்றே டிக்கெட் போட்டுவிட்டார்.

"ஒரு கோழி வெலதான் ஆச்சு. அதுவும் ஈஸ்டர் சமயத்துல!" என்றார் சவேதாவிடம். "இத்தாலிக்கு ஆளும் பார்சலும் ஏத்திட்டுப் போற தோதெரோட வேன்ல போயிருந்தா இடுப்பு ஒடிஞ்சிருக்கும். ஊறுகா நாத்தம் வேற."

"சொல்லிச் சொல்லியே அந்தக் கோழிய வேக வெச்சிட்டீங்கண்ணே."

அப்போது மினோதோரா கூப்பிட்டாள்.

"அப்பா, நாளைக்கு எத்தன மணிக்கு ஏறுறீங்க?"

"நாளைக்கா? அதுக்கு இன்னும் நாள் கெடக்கேம்மா. ஈஸ்டருக்கு மொத நாள்தான்."

"ஈஸ்டர் வர்ற ஞாயித்துக்கெழமதானேப்பா."

"அதெப்படி? நாம இன்னும் நோன்புலல்ல இருக்கோம்."



"நம்மளோடது இல்லப்பா. இவங்களோடது. கத்தோலிக்கக்காரங்களுக்கு இந்த வருஷம் நம்ம ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டருக்கு முன்னாடியே வந்துடுச்சு. அப்பத்தான் அந்தம்மாவோட மகன் வந்து கூட இருப்பாரு. நம்ம ஈஸ்டருக்கு நான் வாசப்படி தாண்ட முடியாது."

ஹரலாம்பியே மரப்பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நம்ம ஈஸ்டருக்கு ஊரே அங்கேருந்து இங்க வரும்" என்றாள் சவேதா. "இங்கேருந்து அங்க யாருண்ணே போவா? அதான் கோழி வெலைக்குக் குடுத்திருக்கான்."

டிக்கெட்டை மாற்ற முடியாது. ஊருக்கே அதைப் படித்துப் படித்துச் சொன்னவர் அவர். மறுநாள் விமானத்துக்குப் பார்த்தார். ஒரு பசு மாட்டு விலை சொன்னது. போனை மூடிவிட்டு, தெருப்பக்கம் போகாமல் கொல்லை வழியாகத் தோதெர் வீட்டுக்கு நடந்தார்.

தோதெர் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். "வாங்க மாமா. பார்சலா?"

"நான்தான்."

அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"கடேசி சீட்டு இருக்கு. சனிக்கெழம சாயங்காலம் அங்க எறக்கி விட்டுர்றேன். உங்க பெட்டியக் கொண்டாங்க. அதுல நீங்க எறங்கிட்டா காசு வேணாம்."

"சாமான் எவ்ளோ கொண்டு வரலாம்?"

"வீட்டையே கொண்டாங்க."

மறுநாள் காலை வேன் கிளம்பியது. ஹரலாம்பியே கடைசி வரிசையில் ஒரு தையல் மெஷினுக்கும் இத்தாலியில் போலோஞ்ஞா நகரத்துக்குப் போகும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்தார். காலடியில் பிளம் ஜாம் பாட்டில்களும் ஊறுகாய் ஜாடியும் இருந்தன. ஹங்கேரியில் மழை பெய்தது. ஓரிடத்தில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். நோன்பு என்பதால் அவர் பீன்ஸ் சூப் மட்டும் குடித்தார். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் மினோதோரா கூப்பிட்டாள். முழங்கால் வலிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றார். ஊரில் சவேதா மரப்பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய் உருளைக்கிழங்கு போட்டு வைத்தாள்.