எறும்பு மொய்த்த ஸ்டெதாஸ்கோப்

வாத்து வேகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தால் பசிதான் கூடும். அதனால் ஒரு கதை சொல்கிறேன். நிஜமாய் நடந்த கதை. இந்த ஓ மோன் வாய்க்கால் மேல் சத்தியமாக ஒரு சொல்லும் பொய் கிடையாது. சரி சரி, ஏழாம் அத்தை முறைக்கிறாள். சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அங்கங்கே கொஞ்சம் இழுத்துவிடுவேன். ஆனால் ஆட்கள் எல்லாம் நிஜம். பாதிப் பேர் இங்கேயே கால் நீட்டி உட்கார்ந்து என் கதையைக் கேட்டபடி இஞ்சி மிட்டாய் மென்றுகொண்டிருக்கிறார்கள்.

இன்று யாருடைய பையனுக்கு முதல் பிறந்தநாள் என்று வந்திருக்கிறோமோ, அந்த லுவாவின் கதைதான்.

லுவாவுக்கு ஒரு வயது நிரம்பிய அன்றும் இதே கூடம், இதே பாய். நடுவில் தட்டு. தட்டில் சீப்பு, கத்தரிக்கோல், பேனா, கால்குலேட்டர், ஒரு பிடி மண். குழந்தை தவழ்ந்து போய் எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் பிழைப்பு. இதில் அப்பா கியெட் செய்த வேலையைக் கேளுங்கள். படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிற மனிதர், உடம்பில் பாதி கிரீஸ். அவர் சுகாதார நிலையத்து நர்ஸிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பழைய ஸ்டெதாஸ்கோப்பை வாங்கிவந்து தட்டில் வைத்துவிட்டார். லுவா சீப்பைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்க்கவில்லை. இன்ஜின் மாட்டின படகு மாதிரி நேரே போய் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். கூடத்தில் எழுந்த கூச்சலில் வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்த கோழிகள் முட்டையிட்டுவிட்டன.

அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் டாக்டரம்மா. நாலு வயதில் ஏழாம் அத்தை அவளிடம் முழங்காலைக் காட்டி, "டாக்டரம்மா, வலி எப்ப போகும், சொல்லுடி" என்பாள். "நீ எந்திரிச்சு நடந்தா போயிரும்" என்பாள் அந்தப் பொடிசு. அத்தை நடந்தாள், வலி போயிற்று. அப்புறம் கேட்கவா வேண்டும்! தெரு முழுக்க வாசலில் வரிசை.

அந்த ஸ்டெதாஸ்கோப்பை கியெட் முன்னோர் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். ஒரே ஒரு தொல்லை, அதில் எறும்பு வரும். மழைக்காலம், வெயில்காலம் என்று பார்க்காமல் சுவர் நெடுக வரிசையாக வரும். யாராவது கேட்டால் கியெட் கூச்சமே இல்லாமல் சொல்வார்: "எறும்புக்கே தெரியுது பாரு, இது டாக்டர் வீடுன்னு. சளி பிடிச்சா வரிசையில வந்து நிக்குது."

ஊரே நம்பியது. சொல்லிச் சொல்லி கடைசியில் கியெட்டும் நம்பிவிட்டார்.

லுவா படித்தாள். கான் தோ நகரத்தில் மருத்துவக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. கியெட் அன்று வாய்க்கால் முழுக்கப் படகில் போய், கண்ணில் பட்ட ஆளையெல்லாம் நிறுத்திச் சொன்னார். முன்பின் தெரியாத ஒரு வாழைக்காய் வியாபாரியைக்கூட விடவில்லை.

கல்லூரியில்தான் வினை. முதல் தடவை ஊசியில் ரத்தம் எடுப்பதைப் பார்த்ததும் லுவா தரையில் விழுந்தாள். இரண்டாம் தடவை ஊசியைப் பார்த்ததுமே விழுந்தாள். அப்புறம் ஊசி வருகிறது என்று யாராவது சொன்னாலே போதும். விழுந்து விழுந்து அந்த அறைத் தரையில் அவள் உருவத்துக்குப் பள்ளமே விழுந்துவிட்டது என்பார்கள்.

தான் ஒருத்திதான் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அவள் அழுதாள். பல கல்லூரிப் பெண்கள் தங்கும் விடுதி அது. விசாரித்தால் எல்லாருக்கும் அதே கதைதான். பக்கத்துக் கட்டில்காரி கணக்கியல் எடுத்தது, காதலன் அங்கே படிக்கிறான் என்பதால். சேர்ந்த மறுமாதமே அவன் வேறு பெண்ணோடு போய்விட்டான், கணக்கு மட்டும் கூட இருக்கிறது. இன்னொருத்தி வக்கீலுக்குப் படிப்பது, அவள் அம்மா நிலத்தகராறில் ஒரு தடவை தோற்றுப்போனதால். மூன்றாமவள், "பஸ் அந்த கேட்டுலதான் நிக்கும், இறங்கினேன், சேர்ந்துட்டேன்" என்றாள்.

மீன்வளம் படித்த நியென் மட்டும் வேறு ரகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் லுவாவைக் கெளுத்தி வளர்க்கிற குளத்துக்கு இழுத்துப் போனாள். மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. நியென் ஒன்றை அறுத்துத் திறந்தாள்.

"ஏய், மயக்கம் வந்தா முன்னாடியே சொல்லு. உன்னை மட்டும் என்னால தூக்க முடியாது."

"வரலையே," என்றாள் லுவா. அவளுக்கே ஆச்சரியம். "இந்தச் செவுள் ஏன் இப்படி வெளுத்திருக்கு? இன்னொண்ணு அறு, பார்ப்போம்."

சாயங்காலம் ஆகிவிட்டது. லுவா சோறு தின்ன மறந்திருந்தாள். சோற்றை மறக்கிற பெண்ணா அவள்? தன் வேலை இதுதான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆனால் துறை மாற வேண்டுமென்றால் நுழைவுத் தேர்வை மறுபடி எழுத வேண்டும். அதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்ல வேண்டும். தேர்வு எவ்வளவோ சுலபம்.

தெத் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டாள். கியெட் கையில் சாப்பிடுகிற குச்சிகளில் இடுக்கிய பன்றிக்கறி அந்தரத்தில் நின்றது.

"மீனா? என் பொண்ணு மீனுக்கு வைத்தியம் பார்க்கப் போறாளா?"

"மீனுக்கும் நோவு வருதுப்பா."

"ஸ்டெதாஸ்கோப்பை எங்கடி வைப்ப? வால்லயா?"

ஏழாம் அத்தை சிரித்துச் சோற்றைத் துப்பிவிட்டாள். கியெட் சிரிக்கவில்லை. "நான் சொல்லலை. தட்டு சொல்லிச்சு. யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலை, நீயாத்தான் போய் எடுத்த. அதை எப்படிம்மா மாத்துவ? ஊருக்கு நான் என்ன சொல்ல?"

தட்டோடு யார் வாதாடுவது? லுவா கண்ணில் நீர் முட்ட, அப்பாவைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தாள். சுவரில் எறும்பு வரிசை. அரை நாள் அறுத்துப் பார்த்து நோய்க்குக் காரணம் தேடப் பழகிய கண் அது. எழுந்து போய் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினாள். எறும்பெல்லாம் காதில் வைக்கிற குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு குச்சியை விட்டுச் சுரண்டினாள். பழுப்பாக, கெட்டியாக ஏதோ வந்தது. முகர்ந்தாள்.

"அப்பா, இது டின் பால்."

காப்பியில் ஊற்றுகிற அதே இனிப்பு டின் பால்.

"அது... லேசாத் தடவினேன்," என்றார் கியெட்.

"லேசாவா? இருபது வருஷமா எறும்பு குடும்பம் நடத்துதுப்பா!"

அம்மா தூயெட் குச்சியைக் கீழே வைத்தாள். "அப்போ என் பிள்ளை டாக்டராகணும்னு போகலை. பால் குடிக்கப் போயிருக்கு."

கியெட் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். ஓர் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதும் நிறுத்துவதுமாக வெகுநேரம் சத்தம் கேட்டது. அதில் ரிப்பேர் ஒன்றுமே இல்லை. லுவா போய்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"எனக்குப் பயமா இருந்துச்சும்மா," என்றார் இன்ஜினைப் பார்த்தபடி. "நீ சீப்பைத் தொட்டுட்டா? மண்ணைத் தொட்டுட்டா? என்னை மாதிரி கிரீஸ்ல கிடந்துடுவியோன்னு."

"சேத்துல கிடக்கப் போறேன்பா. பரவால்லையா?"

அவர் கையைத் துடைத்தார். துடைத்த துணியில்தான் கிரீஸ் அதிகம். "மீனானாலும் டாக்டர்தானே?"

"டாக்டர்தான்."

"அந்த ஸ்டெதாஸ்கோப் வேணுமா உனக்கு?"

"அது எறும்புக்கே இருக்கட்டும். எனக்கு கம் பூட்ஸ் வேணும்."

மறுநாளே வாங்கிவந்தார். அவள் காலைவிடப் பெரிசு. இரண்டு காலையும் ஒரே பூட்ஸில் விடலாம். போட்டுக்கொண்டுதான் பரீட்சை எழுதப் போனாள் என்று நான் சொல்வேன். அதை நீங்கள் நம்ப வேண்டாம். தேறினாள், அதை நம்புங்கள். இன்று இந்த வாய்க்காலில் எந்தக் குளத்தில் மீன் கொட்டாவி விட்டாலும் லுவாவுக்குத்தான் போன் வருகிறது. கியெட் இப்போதும் வாழைக்காய் வியாபாரிகளை நிறுத்தி, "என் பொண்ணு டாக்டர்" என்கிறார். யாருக்கு டாக்டர் என்று படகு தாண்டிப்போன பிறகுதான் சொல்கிறார்.

அதனால்தான் லுவா இன்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பையனுக்குத் தட்டு வைக்கலாம், அழகாக இருக்கும். ஆனால் யாரும் கை வைக்கக் கூடாது. என் கதை முடிந்தது. வாத்தும் வெந்துவிட்டது. தட்டைக் கொண்டுவாருங்கள்.

"ஆமா, இந்தத் தட்டுல ஸ்பேனர் எப்படி வந்துச்சு?" என்று ஏழாம் அத்தை கேட்டாள்.

"ஏன், ஸ்பேனர்னா கேவலமா?" என்றார் கியெட். "நீ வெச்ச சீப்பு மட்டும் தங்கமா?"

"இருங்க, இருங்க," என்று அடுக்களையிலிருந்து லுவாவின் குரல் வந்தது. "இந்தப் பால் டின்னைத் திறந்தது யாரு?"

"நான் இல்லை!" என்றார் கியெட்.

"நானும் இல்லை! அத்தை விரலை மோந்து பாருங்க!" என்றேன் நான்.

"அடேய், முதல்ல உன் விரலை நீட்டுடா! அந்தச் சீப்பு ஏன் பிசுபிசுங்குது? ஸ்பேனரும்தான்! விடு என் கையை, விடுங்கிறேன்..."