வாடகைத் தொலைநோக்கியும் என் ஓரகத்தியும்

எங்கள் வீட்டில் இரவு வானத்தைக் காலை ஏழு மணிக்கு, குக்கர் விசிலுக்கு நடுவே பார்ப்போம். தொலைநோக்கி இருப்பது சிலி நாட்டில், ஒரு வறண்ட மலையின் மேல். அப்போது அங்கே இரவு. சந்தா கட்டினால் மாதத்துக்கு இத்தனை நிமிடம் என்று இணையத்தில் வாடகைக்குத் தருகிறார்கள். எந்த நாள், எந்த நேரம், வானத்தில் எந்த இடம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால், அது தானாகத் திரும்பிப் படமெடுத்து அனுப்பிவிடும். மைசூரில் தெருவிளக்கும் மலைக்கோயில் விளக்கும் தசரா விளக்கும் போக மிஞ்சுகிற வானத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் இதில் சேர்ந்தேன். சேர்ந்தது நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் ஓரகத்தி, அதாவது மாடியில் குடியிருக்கும் கொழுந்தனின் மனைவி, பிறகு வந்து ஒட்டிக்கொண்டவள். “அக்கா, நானும் கொஞ்சம் பார்க்கட்டுங்களா?” என்று கேட்டாள். ஒரே சந்தாவில் இரண்டு பேர் நிமிடங்களைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். இரண்டு வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்துக் கடவுச்சொல்லைக் கொடுத்தேன்.

அவள் ஹனூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே கரண்ட் போனால் பால்வீதி முழுசாகத் தலைக்கு மேல் கிடந்திருக்கும். “நான் ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லீங்க” என்று அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் ரயில்வே குவார்ட்டர்ஸில், சோடியம் விளக்குக்கு அடியில் வளர்ந்தவள்.

எனக்கு வேலை இரத்தப் பரிசோதனை நிலையத்தில். நாள் முழுக்க ஸ்லைடைப் பார்த்து அணுக்களை எண்ணுவது. அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, வானத்திலும் எனக்கு அழகைவிடக் கணக்குதான் பிடித்தது. ஒரே ஒரு நட்சத்திரத்தை மூன்று வருடமாகத் தொடர்ந்து படமெடுத்து, அது மங்குவதையும் பிரகாசமாவதையும் அளந்து குறித்து வந்தேன். படத்தில் அது ஒரு புள்ளி. “இன்னிக்கும் அதே புள்ளியா?” என்பார் என் வீட்டுக்காரர்.

அவளோ முதல் மாதமே தளத்தின் தயார்ப் பட்டியலில் இருந்த ஒரு நெபுலாவைத் தட்டினாள். சிவப்பும் நீலமுமாக ஒரு புகைமண்டலம் வந்து விழுந்தது. அவள் செய்ததெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தியதுதான். அதைப் பெரிதாக அச்சடித்து நவராத்திரிக் கொலுவுக்குப் பின்னால் மாட்டிவிட்டாள். சுண்டலுக்கு வந்த அக்ரஹாரத்துப் பெண்கள் பொம்மைகளை விட்டுவிட்டு அதைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். மாமியார் வந்தவர்களிடமெல்லாம், “எங்க சின்ன மருமக ஆகாசத்துல எடுத்தது” என்றார். பெரிய மருமகள் சுண்டல் கிண்ணம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று எனக்கு இருந்தது பச்சைப் பொறாமை. வேறு நல்ல பெயர் வைத்து அதை மறைக்க நான் தயாராக இல்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு வால்நட்சத்திரம் வந்தது. பூமியின் தென்பாதியில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். போனால் நம் காலத்தில் திரும்பாது. ஒரே ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும், இந்த வீட்டில் எல்லோரும் ஒரு தடவையாவது நான் எடுத்ததைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இரண்டு முறை பதிவு செய்தேன். முதல் முறை மேகம். அடுத்த முறை அங்கே பலத்த காற்று என்று கூரையைத் திறக்கவே இல்லை. அதற்குள் அந்த வாரத்து நேரமெல்லாம் போய்விட்டது. கடைசியில் இருந்த வியாழக்கிழமையை யார் பிடித்திருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? மாடிக்காரிதான்.

புதன்கிழமை மாலை என் நட்சத்திரத்துக்கு நேரம் தேடித் தளத்தைத் திறந்தபோது அவளுடைய பதிவு கண்ணில் பட்டது. வால்நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் அது தயார்ப் பட்டியலில் இருக்காது. மணிக்கு மணி அது இருக்கும் இடத்தைச் சொல்லும் அட்டவணையைப் பார்த்து நாமே எண்களைப் போட வேண்டும். அந்த அட்டவணை எனக்கு மனப்பாடம். அவள் பிடித்திருந்தது காலை ஏழு மணி என்பதால், ஏழு மணி வரிசையில் இருந்த எண்களைப் போட்டிருந்தாள். அட்டவணை உலக நேரத்தில் இருப்பது. நம் காலை ஏழு மணி அதற்கு ஒன்றரை மணி. ஐந்தரை மணி நேரம் கழித்து வால்நட்சத்திரம் வந்து சேரப்போகும் இடத்தில் தொலைநோக்கியைக் காத்திருக்கச் சொல்லியிருந்தாள். அந்தத் தொலைநோக்கி பார்ப்பது வானத்தில் மிகச் சின்ன சன்னல். அதற்குள் நிச்சயம் வராது.

நானும் முதல் மாதம் இதே தவறைச் செய்து ஒரு கிரகணத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன். மாடிப்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். நானே இரண்டு எண்களை மாற்றியும் இருக்கலாம். மடிக்கணினியை மூடிவிட்டுச் சட்னிக்குத் தேங்காய் துருவப் போனேன்.

வியாழன் காலை அவள் எல்லோரையும் மேலே கூப்பிட்டாள். மாமியார் காபி டம்ளரோடு வந்தார். ஏழரை மணிக்குப் படம் திறந்தது. வெறும் நட்சத்திரங்கள், அரிசியை இறைத்தமாதிரி. மாமியார், “எங்கடி வால்?” என்றார். அவள் படத்தைப் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள். காது வரை சிவந்துவிட்டது.

“அக்கா, நான் என்னமோ தப்புப் பண்ணியிருக்கறேன். நீங்க சொல்லுங்க.”

“தப்பெல்லாம் ஒண்ணுமில்ல” என்றேன். “அது மங்கிப்போச்சு. இனிமே யாருக்கும் தெரியாது.”

“ஹௌதா அக்கா?” என்றாள், எங்கள் ஊர்க் கன்னடத்தில். ‘அப்படியா’ என்பதில் ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. “நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். எனக்கு இதெல்லாம் வராதுங்கக்கா. என்ற பங்கு நிமிசத்த இனி நீங்களே எடுத்துக்குங்க, உங்க நட்சத்திரத்துக்கு ஆகும்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, மிகவும் சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமைக்கு யாரோ ரத்து செய்த நேரம் ஒன்று கிடைத்தது. அவள் கொடுத்த நிமிடங்களை எடுத்து, சரியான வரிசையிலிருந்து சரியான எண்களைப் போட்டேன். காலை ஏழேகாலுக்குப் படம் வந்தது. பச்சைத் தலை, அதன் பின்னால் படத்தின் ஓரம் வரைக்கும் மெல்லியதாக, நடுவில் ஒரு முறிவோடு, நீண்ட வால். இத்தனை வருடத்தில் இவ்வளவு அழகாக ஒன்றை நான் எடுத்ததில்லை. “இங்கே வாங்களேன்” என்று சமையலறையிலிருந்து வீட்டுக்காரரைக் கூப்பிட வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. யாருக்கும் தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மடிக்கணினியைப் படாரென்று மூடினேன்.

“அக்கா, நட்சத்திரம் வந்துச்சுங்களா?”

“மேகம்” என்றேன்.

“அய்யோ பாவம்” என்று என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தாள். “அடுத்த மாசமும் என்ற நிமிசத்த எடுத்துக்குங்க.”

அவள் போன பிறகு படத்தை இறக்கிக்கொண்டு, அவள் கண்ணில் படாமல் தளத்திலிருந்து அழித்தேன். இன்று வரை அதை நான் ஒருத்திதான் பார்த்திருக்கிறேன். அவள் அதன் பிறகு தளத்தைத் திறக்கவே இல்லை. நான் ஏழு மணிக்கு உட்கார்ந்து அவளுடைய நிமிடங்களில் புள்ளியை அளக்கும்போது, மேலே அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தூக்கத்தை நினைத்தாலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.