அமாவாசையன்று அடித்த தறி

காந்தா திருப்புட்குழி அப்பாதுரையின் இரண்டாவது பெண். அக்காளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று அக்காள் கடைசிவரை சொல்லிக்காட்டுவாள். அப்படிப் பார்த்துப் போனது பெரிய காஞ்சிபுரத்துப் பரசுராமன் வீடு. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து காந்தாவின் காதில் தறிச் சத்தம் ஓய்ந்ததில்லை. வீட்டுக்குள் புருஷன் தறி, சுவருக்கு அந்தப் பக்கம் முனிரத்தினத்தின் தறி. முனிரத்தினம் பரசுராமனுக்கு ஒன்றுவிட்ட தாய்மாமன் முறை.

அறுபத்தொன்பதாம் வருஷம் வீட்டுத் தறி நின்றது. பரசுராமனுக்கு இடுப்பெலும்பில் புற்று. தறிக்குழிக்குள் காலை இறக்க முடியாமல் போனது முதலில். பிறகு பாயில் புரளவே முடியவில்லை. வலி வந்தால் போர்வையை வாயில் வைத்துக் கடிப்பார். மாத்திரைகள் கேட்காமல் போனபின் டாக்டரம்மா பெத்தடின் ஊசி எழுதிக் கொடுத்தார்.

"இது வலியை அடக்குற மருந்தும்மா. கூடிப்போனா மூச்சையும் அடக்கிடும்," என்றார் டாக்டரம்மா. "கம்பவுண்டர் வந்து போடுவார். நீங்க யாரும் ஊசியைத் தொடக் கூடாது. வலிக்குதுன்னு முன்னாடியே இன்னொண்ணு போடச் சொல்லிக் கெஞ்சக் கூடாது. சாராயம், தூக்க மாத்திரை, அபினி, பேர் தெரியாத லேகியம் எதுவும் கூட சேரக் கூடாது. போட்டப்புறம் பக்கத்துலயே உட்கார்ந்து மூச்சைப் பார்க்கணும். கூப்பிட்டா முழிக்கணும்."

மற்றதெல்லாம் காந்தாவின் மனதில் நின்றதோ இல்லையோ, மூச்சையும் அடக்கிடும் என்ற சொல் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் பயந்துகொண்டேதான் சோறு வடித்தாள், பயந்துகொண்டேதான் தலை வாரினாள்.

கம்பவுண்டர் தேவசகாயம் சைக்கிளில் வருவார். ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்து, கண்ணாடிக் குப்பியின் கழுத்தை ஒடிப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "வேற ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

"இல்லைங்க கம்பவுண்டரய்யா."

"நெசமா?"

"உங்க சிலுவை மேல சத்தியமா."

"என் சிலுவையை ஏன்மா இழுக்கிறே, உங்க காமாட்சி இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே குத்துவார். காலிக் குப்பியைத் துணியில் சுற்றித் தம்மோடு எடுத்துப் போய்விடுவார்.

ஊசி இறங்கியதும் பரசுராமன் முகத்தில் சுருக்கம் விழுந்த இடமெல்லாம் விரியும். தூங்குவார். காந்தா மூச்சைப் பார்ப்பாள். எதை வைத்துப் பார்ப்பது? அவள் வீட்டில் கடிகாரம் இல்லை. இருந்தாலும் அவளுக்குப் பார்க்கத் தெரியாது. இரண்டு நாள் திண்டாடியபின் அவளுக்கே ஒன்று பிடிபட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் முனிரத்தினம் நூலை நெருக்கத் தறிப் பலகை அடிக்கும் சத்தம் ஒரே சீராக வரும். மூன்று தட்டு விழுவதற்குள் புருஷனுக்கு ஒரு மூச்சு வந்துவிடும். வந்தால் நல்லது. தேவசகாயத்திடம் சொன்னபோது அவர் தம் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, சரியாத்தான் இருக்குது. அதுக்கு மேல இழுத்தா ஆள் அனுப்பு," என்றார்.

அப்புறம் முனிரத்தினம் வெற்றிலை போட எழுந்தாலே இவள் விடமாட்டாள். "மாமா, போதும் வா, உக்காரு," என்று சுவரைத் தட்டுவாள்.

"முதலாளிகூட என்னை இப்படி வேலை வாங்கினதில்லடி," என்பார் அவர்.

இதில் ஒன்றை அவள் யோசிக்கவில்லை. அமாவாசையன்று எந்தச் சேணியனும் தறியில் உட்காரமாட்டான். பலகையைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். தெரு முழுக்க ஓய்ந்து கிடக்கும்.

அந்த அமாவாசைக்குக் கொழுந்தன் கலியன் சைக்கிளில் வந்தான். அவன் ஐயம்பேட்டையில் நெய்கிறவன். அவனுக்கும் அன்று தறி கிடையாது என்பதால்தான் அண்ணனைப் பார்க்க வர முடிந்தது. அண்ணன் போர்வையைக் கடிப்பதைப் பார்த்து அவன் கண் கலங்கி நின்றான். காந்தா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாள். வரும்போது பரசுராமன் கொஞ்சம் அமைதியாக இருந்தார். தம்பி வந்த தெம்பு என்று நினைத்துக்கொண்டாள்.

தேவசகாயம் வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். வழக்கம்போல இல்லைங்க என்றாள். கலியன் அப்போது கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தான். ஊசியைப் போட்டுவிட்டுத் திருப்பருத்திக்குன்றத்தில் இன்னொரு நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று தேவசகாயம் சைக்கிளை எடுத்தார்.

காந்தா பாயருகில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் காதைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். ஒன்றும் கேட்கவில்லை.

தன் மூச்சை வைத்து அளந்து பார்த்தாள். அது ஓடி வந்தவள் மூச்சுபோல இரைத்தது. நெஞ்சின் படபடப்பை வைத்து எண்ணப் பார்த்தாள். எண்ண எண்ண அது இன்னும் வேகமாக அடித்தது. புருஷன் மூச்சு மெல்ல வருகிறதா, தன் பயம்தான் அப்படிக் காட்டுகிறதா என்று தெரியவில்லை. அவர் உதட்டைப் பார்த்தாள். நாவற்பழம் தின்றதுபோல ஒரு நிறம் ஓரத்தில் ஏறியிருந்தது.

"ஏங்க."

பதில் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. உள்ளே கண்மணி கடுகாகச் சுருங்கிக் கிடந்தது.

"கலியா, நான் கோயிலுக்குப் போனப்போ இவருக்கு இன்னாப்பா குடுத்தே?"

கலியன் துண்டைக் கையில் சுருட்டினான். "பால் குடுத்தேன் அண்ணி."

"பால்ல?"

"துளி அபினி. சுண்டைக்காய் அளவுகூட இருக்காது. எங்க ஊர் வண்டிக்காரர் வெச்சிருந்தார். அண்ணன் படற பாட்டைப் பாக்க முடியல. உன்கிட்ட சொன்னா நீ வேணாம்னுடுவேன்னு..."

காந்தாவுக்குக் கத்தத் தோன்றவில்லை. "சைக்கிளை எடு. டாக்டரம்மா வீட்டுக்குப் போ. பயந்துக்கினு ஒளிக்காத. குடுத்ததைக் குடுத்தேன்னு சொல்லு, எவ்ளோன்னு சொல்லு, எப்போன்னு சொல்லு. அதுக்கு மேல ஊசி போட்டதையும் சொல்லு. போ."

அவன் போனதும் சுவரைத் தட்டினாள். "மாமா, தறியில உக்காரு."

"இன்னிக்கு அமாவாசையாச்சேம்மா," என்றது முனிரத்தினத்தின் குரல்.

"தெரியும் மாமா. இவருக்கு மூச்சு அடங்குது. நான் அதை அளக்கணும்."

சொந்த மகளின் கல்யாணப் புடவை பாதியில் நின்றபோதுகூட அமாவாசையில் தறியைத் தொடாதவர் அவர். தலையெடுத்த நாளாக அப்படித்தான். இவர் உட்காரமாட்டார் என்றே காந்தா நினைத்தாள். பிறகு துணி உதறும் சத்தம் கேட்டது. குழிக்குள் கால் இறங்கும் சத்தம் கேட்டது. பலகை விழுந்தது.

மூன்று தட்டு. மூச்சு இல்லை. நாலு, ஐந்து. ஆறாவது தட்டில் ஒரு மூச்சு அரைகுறையாக வந்தது. பயம் காட்டிய பொய் இல்லை, நிஜம்தான்.

"மூச்சு விடுங்க," என்று தோளை உலுக்கினாள். விட்டார். பலகை விழுந்துகொண்டே இருந்தது. "விடுங்க." விட்டார். அவள் சொல்லாமல் விட்டால் அவரும் விடாமல் கிடந்தார். கன்னத்தில் தட்டினாள், காது மடலைக் கிள்ளினாள், கல்யாணமான நாளாக வாயால் சொல்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தெருவில் இரண்டொருவர் வாசலுக்கு வந்து, "எவன் வீட்டுல தறி ஓடுது?" என்று கேட்பது காதில் விழுந்தது.

பரசுராமனின் புருவம் நெளிந்தது. நாக்கு குழறியது. "அமாவாசையில... எவன்டா... தறி?"

காந்தா அதைப் பிடித்துக்கொண்டாள். "முனிரத்தினம் மாமாதான். வேணாம்னா கேக்குறாரா பாருங்க. நீங்க கேளுங்க."

"புத்தி... கெட்டுப்போச்சா கெழவனுக்கு..."

"காதுல விழல அவருக்கு. பலமா கேளுங்க."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனிரத்தினம் சொன்னார்: "ஆமான்டா, நான்தான். தெகிரியம் இருந்தா எழுந்து வந்து நிறுத்துடா."

"வரேன்... இரு..." என்றார் பரசுராமன். வர முடியாது. ஆனால் அதைச் சொல்ல மூச்சு வேண்டும், இழுத்தார். திரும்பத் தூக்கத்தில் சரிந்தபோதெல்லாம் முனிரத்தினம் ஒன்று சொல்லுவார், இவர் ஒன்று முனகுவார். அப்படியே டாக்டரம்மாவின் வண்டி வந்து நிற்கும்வரை ஓடியது.

டாக்டரம்மா வந்ததும் நரம்பில் ஒரு முறிவு மருந்து ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. உதட்டு நிறம் மாறியது. கூடவே வலியும் திரும்பியது. பரசுராமன் அலறினார். அந்த அலறலைக் கேட்டுக் காந்தா முதல்முறையாக உட்கார்ந்து அழுதாள்.

"இத்தோட முடியலம்மா," என்றார் டாக்டரம்மா. "நான் போட்டது சீக்கிரம் தீர்ந்துடும். அபினி தீராது. மூச்சு மறுபடி அடங்கலாம். ஆஸ்பத்திரியில வெச்சுப் பார்க்கணும்." வண்டியில் ஏற்றும்போது கலியனைப் பார்த்து, "ஒளிக்காம சொன்னியே, அது நல்லது. குடுத்தியே, அதை மறுபடி செய்யாதே," என்றார். அவன் தலையைத் தூக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் காந்தாவுக்கு ஊசி என்ற சொல்லே ஆகவில்லை. ஆனால் புருஷன் போர்வையைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? "மருந்து மேல தப்பில்லம்மா," என்றார் டாக்டரம்மா. அளவைக் குறைத்து எழுதினார். தேவசகாயம் மறுபடி வந்தார்.

அடுத்த அமாவாசையும் வந்தது. கலியனும் வந்தான். தேவசகாயம் ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு கேட்டார்: "வேற ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

காந்தா கொழுந்தனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். வேட்டி மடிப்பை அவிழ்த்து உதறினான். புருஷனையும் கேட்டாள். "ஒண்ணும் இல்லடி," என்றார் அவர். அடுப்பங்கரைக்குப் போய்ப் பால் சட்டியை மோந்து பார்த்துவிட்டு வந்தாள். அப்படியும் அவளுக்கு வாய் வரவில்லை. வெளியே தெரு ஓய்ந்து கிடந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் துணி உதறும் சத்தம் கேட்டது. வாசலில் யாரோ முனிரத்தினத்தை ஏசினார்கள். "நான் எங்கய்யா நெய்யறேன்? குறுக்கே ஓடுற நாடாவுல நூலே இல்ல, வெறும் பலகையைத்தான் அடிக்கிறேன், வந்து பாரு," என்றார் அவர்.

பலகை விழுந்தது. காந்தா பாயருகில் உட்கார்ந்து புருஷன் நெஞ்சின்மேல் கையை வைத்தாள். மூன்று தட்டுக்குள் அது ஏறி இறங்கியது.

"எதுவும் குடுக்கல. போடுங்க," என்றாள்.