பிள்ளையார் அச்சும் ரோமாபுரிச் சிங்கமும்

எங்கள் ஜெபவீட்டில் அந்த மாதம் முழுக்க ரோமாபுரிக் காலத்துப் பிரசங்கம்தான். ரோமர்கள் ஆண்ட ஆப்பிரிக்க மாகாணத்தில் சிலை செய்து பிழைத்தவர்கள், விசுவாசத்துக்கு வந்ததும் உளியை வீசிவிட்டுப் பட்டினி கிடந்தார்களாம். சிலரைச் சிங்கத்துக்கே போட்டார்களாம். பாஸ்டர் ஐயா சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்தார். விருத்தாசலத்துச் செராமிக் பட்டறையில் நான் அச்சில் களிமண் கரைசல் ஊற்றிப் பிள்ளையார் பொம்மை செய்கிறவள். ஞானஸ்நானம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"நாளையிலேர்ந்து அந்த அச்சைத் தொடாத" என்றார், வீடு வந்து சேர்வதற்குள். அவருக்கென்ன, வாய் வலிக்காமல் சொல்லிவிட்டார்! சதுர்த்தி ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரம். முதலாளியிடம் சொன்னால், "அப்ப வேலைய வுட்டு நின்னுக்கம்மா" என்பார், அவ்வளவுதான்.

மறுநாள் பேயறைந்த மாதிரி நின்ற என்னைப் பக்கத்தில் வேலை செய்யும் அக்காதான் கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? ஒம் பிள்ளையாரையும் நானே ஊத்திடறேன். நீ பியூஸ் கட்டைக்குப் போ."

முதலாளியிடமும் அவளே பேசினாள். அன்று முதல் அவளுக்கு இரண்டு ஆள் வேலை. களிமண் கரைசல் நிரம்பிய அச்சைத் தூக்கித் தூக்கிக் கவிழ்த்ததில் மத்தியானம் சோறு பிசைய விரல் மடங்காது. நான் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, கரண்டு பெட்டிக்குப் போகிற பீங்கான் பியூஸ் கட்டைகளைத் துடைத்தேன்.

வீட்டுக்காரர் போய்ச் சொல்லியிருப்பார் போல, ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "இந்தச் சகோதரி பொழப்பையே ஒதறிட்டாங்க. சிங்கத்துக்குப் பயப்படாத அந்த விசுவாசிங்க மாதிரி!" ஒரே கைதட்டல். வீட்டுக்காரர் கண் கலங்கினார். நான் எதையும் உதறவில்லை ஐயா, இன்னொருத்தி தலையில் ஏற்றிவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வெட்கத்தில் தலை குனிந்தேன். அதையும் தாழ்மை என்று புகழ்ந்தார், பாவி மனுஷன்.

வாசலில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது பிறகுதான் உறைத்தது. அக்கா வீடு அடுத்த தெரு.

மறுநாள் அவள் என் பழைய அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து மைக்குல ஒன்னப்பத்திதான் பேசனாங்க போல. சிங்கம் சிங்கம்னாங்களே, அது யாருடி? நானா?"

பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் தூக்கும்போது விரல் மடங்காமல் அச்சு நழுவப் பார்த்தது. ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

"வுடு, தொடாத" என்றாள். "ஒங்க வூட்டுல திட்டுவாங்க."